நாலாவது தோள்

அன்புள்ள ஐயா,
நியாண்டர்தால்கள் என்ற அந்தப் பழைய மனித இனத்தை நம் மூதாதையர்தானே கொன்று தீர்த்தார்கள்? அறிவில் குறைந்தது தோற்பது இயற்கையின் சட்டம் அல்லவா? குளிரும் ஒரு காரணமா?
செந்தில்

அன்புள்ள செந்தில்,

குளிரை விடுங்கள். பனிக்காலங்களைத் தாண்டி இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் அவர்கள். அங்கங்கே கைகலப்பும் கொலையும் நடந்திருக்கலாம். ஆனால் ‘அறிவில் குறைந்தது தோற்கும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. யார் சொல்லிக்கொடுத்தது இதை? இராக்கின் ஷானிதார் குகையில் எலும்புக்கூடாகக் கிடைத்த நியாண்டர்தால் ஒருவருக்கு வலக்கை சூம்பியிருந்தது. ஒரு கண் அநேகமாகப் பார்வையற்றது. அப்படியும் நாற்பது வயதுவாக்கில்தான் செத்திருக்கிறார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலா?

‘நம் மூதாதையர்’ என்கிறீர்கள். உங்கள் மரபணுவில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு நியாண்டர்தாலுடையது. அவர்களும் உங்கள் பாட்டன் பாட்டிதான்.

என் அம்மா பிறந்த ஊரில் பதினோரு வீடுகள். பிள்ளைகள் குறைந்ததால் வாத்தியார் வருவது நின்றது. வாத்தியார் வராததால் பிள்ளை இருந்த வீடுகளும் கிளம்பின. கிணறு தூர்வார ஆள் கூடவில்லை. வெளியூரில் பெண் கொடுக்க யோசித்தார்கள், அதனால் மிச்சமிருந்தவர்கள் தமக்குள்ளேயே கொடுத்து எடுத்தார்கள். ஆச்சி செத்த அன்று பாடை தூக்க மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவதாக என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். வயது பன்னிரண்டு. மூங்கில் என் தோளில் உட்காரவில்லை, பாடை என் பக்கமே சாய்ந்தது. இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்து ஊருக்கு சைக்கிளில் ஆள் அனுப்பினார்கள். அந்த ஊர்மேல் யாரும் படையெடுத்து வரவில்லை, செந்தில். அங்கே யாரும் அறிவில் குறைந்தவர்களும் இல்லை.

2019-ல் கிறிஸ்ட் வாசென் என்ற ஆய்வாளரின் குழுவினர் நியாண்டர்தால்களுக்கு இதையே கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 50 பேர் முதல் 5,000 பேர் வரையான கூட்டங்கள். போட்டிக்கு வேறு மனிதர்களே கிடையாது. நெருங்கிய ரத்தத்தில் மணம், துணை கிடைக்காமை, ஒரு தலைமுறையில் பெண் பிள்ளைகள் குறைந்துபோவது போன்ற தற்செயல்கள். இவை சேர்ந்தாலே பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் எந்த அளவுக் கூட்டமும் அழிந்துபோகலாம் என்று வந்தது. ஆள் குறையக் குறைய ஒவ்வொரு வேலையும் கனத்துக்கொண்டே போகும். எனக்கு அது கணக்காகத் தெரியவில்லை, அந்த மூங்கிலாகத்தான் தெரிந்தது.

சைபீரியாவின் டெனிசோவா குகையில் ஒரு நியாண்டர்தால் பெண்ணின் கால்விரல் எலும்பு கிடைத்தது. அவளைப் பெற்றவர்கள் தாய்மாமனும் அக்காள் மகளும் போல அவ்வளவு நெருங்கிய உறவு. அதே அல்தாய் மலைப்பகுதியில் சாகிர்ஸ்கயா குகை இருக்கிறது. அங்கே கிடைத்த பதினோரு பேரில் ஒரு தகப்பனும் அவருடைய பதின்வயது மகளும் உண்டு. கூட்டமே பத்து இருபது பேர்தான். பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்கு வாழப்போனவர்கள் என்று 2022-ல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. அந்த மகளும் போயிருக்க வேண்டியவள். அவளை அனுப்ப அடுத்த கூட்டம் எத்தனை நாள் நடையில் இருந்ததோ, இருந்ததோ இல்லையோ.