பழைய செயின் டோசருக்கு எந்த ஆயில், எங்கே, எப்போது?

கேள்வி: மேலூர் பக்கம் கருவேலங்காட்டை அழித்து நிலம் திருத்துவதற்காக, பல வருடம் நின்று கிடந்த பழைய செயின் டோசர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். கையேடு இல்லை. "எஞ்சினுக்கு 15டபிள்யூ-40, மீதி எல்லாத்துக்கும் 90 கியர் ஆயில், ஒரு பேரல் எடுத்துக்குங்க" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: பேரலை இப்போது வாங்காதீர்கள். எஞ்சினுக்கு அவர் சொன்னது சரிதான். சிஹெச்-4 அல்லது சிஐ-4 தரத்தில் 15டபிள்யூ-40 நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தும். மீதியைப் பற்றிச் சொன்னதுதான் ஆபத்து. உங்கள் வண்டியில் ஸ்டீயரிங் கிளட்ச் (லிவரை இழுத்து வண்டியைத் திருப்பும் கிளட்ச்) ஆயிலில் மூழ்கி ஓடும் வகையாக இருந்தால், ஜிஎல்-5 தரத்து 90 கியர் ஆயில் ஊற்றியதும் பிளேட்டுகள் வழுக்கத் தொடங்கும். அந்த ஆயிலில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் சூட்டில் வெண்கல புஷ்களையும் தின்றுவிடும். லிவரை இழுத்தும் வண்டி திரும்பாது, கடைசியில் கிளட்ச் முழுவதையும் இறக்கவேண்டி வரும். கிளட்ச் மிதிக்காமல் கியர் மாறும் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸுக்கும், ஆயிலில் ஓடும் கிளட்ச்சுக்கும் டிஓ-4 தரத்தில் எஸ்ஏஇ 30 கேளுங்கள். ஃபைனல் டிரைவுக்கு (செயினைச் சுழற்றும் கடைசிக் கியர் அறை) மாடலைப் பொறுத்து டிஓ-4 எஸ்ஏஇ 50 அல்லது 90 கியர் ஆயில். ஹைட்ராலிக்குக்கு எஸ்ஏஇ 10டபிள்யூ அல்லது 46, 68 எண் ஹைட்ராலிக் ஆயில். உலர் கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்ச் அறைக்குள் எந்த ஆயிலும் ஊற்றக்கூடாது. அடியில் உள்ள பிளக்கைக் கழற்றினால் ஆயில் சொட்டுகிறதா? பக்கத்து அறையின் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கையேட்டைத் தேடும்போது பெயர்ப்பலகையில் இருக்கும் முழு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பெமல் (BEML) நிறுவன வண்டி என்றால் "டி50" என்று மட்டும் சொன்னால் போதாது, டி50ஏ-15 என்பதுபோல் கடைசி எண்ணும் வேண்டும். அது மாறினால் பாகமும் அளவும் மாறும். சீரியல் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆயில் வாங்கும் முன் பழையதை இறக்கிப் பாருங்கள். உங்கள் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. சமதளத்தில் நிறுத்தி, பிளேடைத் தரையில் இறக்கி, எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, ஒவ்வொரு அறையையும் தனித்தனிக் கேனில் வடியுங்கள். ஒன்றோடு ஒன்றைக் கலந்துவிட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் குளிர்ந்தபடியே வடிக்கலாம், நேரம்தான் கூடும். கேனில் லிட்டர் அளவைக் குறித்து, பிறகு கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். ஃபைனல் டிரைவில் குறைந்து, பக்கத்து அறையில் அளவுக்கு மேல் இருந்தால் உள்சீல் கசிகிறது. பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காந்தம் வைத்த பிளக்கில் சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பு. விரல்களுக்கிடையே தேய்த்தால் வழவழவென்று கரையும். நகத்தில் நெருடுகிற செதிலோ துண்டோ அகப்பட்டால் பல்லோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது. அப்படியென்றால் புது ஆயில் ஊற்றுவது வீண், முதலில் அறையைத் திறக்கவேண்டும்.

ஃபைனல் டிரைவ் வடிய அரை மணி நேரமாவது விடுங்கள். நிரப்பும்போது லெவல் பிளக் துளையில் வழியும்வரை ஊற்றி, சற்று நிறுத்தி, இறங்கியதை மறுபடி நிரப்பி, புதுக் காப்பர் வாஷர் போட்டு மூடுங்கள். பிரீதரை, அதாவது அறைக்குள் காற்று போய்வரும் மூடியை, கழற்றி டீசலில் கழுவுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிரீதர் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுசாகப் போட்ட சீலையே வெளியே தள்ளிவிடும். செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் ஓரத்தில் மண்ணோடு கலந்த கறுப்புக் கசிவு தெரிந்தால் அங்குள்ள மிதவை சீலை (ஃப்ளோட்டிங் சீல்) பாருங்கள். திருமங்கலம் கரிசல் மண் இறுகிக் காய்ந்தால் இந்த சீல்களைத்தான் முதலில் பதம் பார்க்கும். அதனால் வேலை முடிந்த அன்றே மண்ணை மண்வெட்டியால் தட்டிவிடுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

ஹைட்ராலிக் டேங்க் மூடியை மெதுவாகத் திருகுங்கள், அழுத்தம் சீறிவரும். சிலிண்டர்களை உள்ளே இழுத்துவிட்டு வடித்தால்தான் பழைய ஆயில் மிகுதி போகும்.

மாற்றும் காலம் பல மாடல்களில் எஞ்சினுக்கு 250 மணி நேர ஓட்டம், கியர்பாக்ஸுக்கு 1000, ஃபைனல் டிரைவுக்கு 1000 முதல் 2000, ஹைட்ராலிக்குக்கு 2000. எப்போதாவது ஓடும் வண்டியானால் மணியைப் பார்க்காமல் எஞ்சினுக்கு வருடம் ஒருமுறை மாற்றுங்கள். முதல்முறை மட்டும், நின்று கிடந்த வண்டி என்பதால், 50 மணியில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றிவிடுங்கள், உள்ளே படிந்த கசடு கழன்று வரும்.

கேள்வி: ரேடியேட்டருக்கு எங்கள் போர் தண்ணீர் ஊற்றலாமா? தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: இரண்டும் வேண்டாம். உப்புத் தண்ணீர் சிலிண்டர் லைனரைச் சுற்றிப் பொருக்குப் பிடித்து சூட்டைத் தடுக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் டீசல் எஞ்சினுக்கான கூலன்ட்டையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கூலன்ட்டிலுள்ள மருந்துதான் தண்ணீர் நேரே படும் ஈர லைனர் குழி விழாமல் காக்கிறது. வடிக்கும்போது ரேடியேட்டர் டேப்போடு எஞ்சின் பிளாக்கில் உள்ள டேப்பையும் திறக்கவேண்டும், இல்லையென்றால் பாதிக் கசடு உள்ளேயே தங்கும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறாமல் ஓடி, எரியாத டீசல் போய் ஆயிலோடு கலந்துவிடும். சூடு பிடிக்கிறது என்றால் அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், மண் படிந்த ஃபின் ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

கேள்வி: செயினை எவ்வளவு இறுக்கவேண்டும்?

பதில்: மேல் ரோலருக்கும், முன் சக்கரமான ஐட்லருக்கும் நடுவே நேரான கம்பு வைத்துப் பார்த்தால் தொய்வு 20 முதல் 30 மி.மீ. வரை இருப்பது பல மாடல்களுக்குச் சரி. இறுக்கிக் கட்டினால் பின், புஷ், ஸ்ப்ராக்கெட் எல்லாம் வேகமாகத் தேயும். தளர்ந்தால் செயின் கழன்றுவிடும். அட்ஜஸ்டரில் கிரீஸ் கன்னால் அடித்து இறுக்குங்கள். தளர்த்தும்போது பிளக்கை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் கிரீஸோ பிளக்கோ பாய்ந்தால் தோலைத் துளைக்கும், கண் போகும். முகத்தை நேரே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் நின்று வேலை செய்யுங்கள்.

கேள்வி: வாங்கிய 20 லிட்டர் வாளி ஆயில் போலி என்று சந்தேகப்படுகிறேன். ஒரே வண்டி, நானே ஓட்டிப் பிழைக்கிறேன். புகார் செய்ய முடியுமா?

பதில்: முடியும். வணிக நோக்கில் வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் அல்ல. ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்துபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு தரலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. வாளியைத் தூக்கி எறியாமல் மூடியையும் தொகுதி எண்ணையும் படமெடுத்து, மீதி ஆயிலோடு வையுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கியிருந்தால் நிரூபிப்பது கடினம், அதனால் இனி பில் தராத கடையில் ஆயில் வாங்காதீர்கள்.