வி.ஏ. நிராகரித்த மனு: மறுபடி போடும் முன் அந்தக் கடிதத்தை எடுங்கள்

கேள்வி: என் கணவர் 2009-இல், தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்க்கும் மாவ்னி திட்டத்தில், தமிழ் தெரியும் என்ற தகுதியில், அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். வண்டி மெக்கானிக். 2011-12-இல் ஆப்கானிஸ்தானின் காந்தகார் விமானதளத்தில் இருந்தபோது அடிக்கடி ராக்கெட் விழும் என்பார். அங்கே கியர்பாக்ஸ் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு, முகாம் மருத்துவரிடம் ஒருமுறை காட்டியிருக்கிறார். இன்றுவரை வலி, தூக்கமும் இல்லை. வி.ஏ.வில், அதாவது முன்னாள் படைவீரர் நலத்துறையில், உடல்குறைக்கு இழப்பீடு கேட்டுப் போட்ட மனுவை 2023 மார்ச்சில் நிராகரித்துவிட்டார்கள். பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) இருக்கிறது, ஆனால் அதற்குக் காரணமான சம்பவத்துக்கு ஆதாரம் இல்லையாம். முதுகில் வெறும் வலிதான், எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லையாம். ஒரு வருடம் தாண்டியதால் இனி எதுவும் செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா?
டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி

பதில்: முடியும். ஒரு வருடம் தாண்டியதில் கைவிட்டுப் போனது பழைய பாக்கிப் பணம்தான்.

2019 பிப்ரவரி 19 முதல் நடப்பில் இருக்கும் முறைப்படி, நிராகரிப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று வழிகள் உண்டு. புதுச் சான்றோடு துணை மனு போடலாம். அதே கோப்பை மூத்த அதிகாரி ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். வி.ஏ.வின் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஓராண்டு முடிந்ததும் கடைசி இரண்டும் மூடிக்கொள்ளும். துணை மனுவுக்கு மட்டும் கெடு கிடையாது. படிவம் 20-0995. முன்பே போட்டிருந்தால் முதல் மனுவின் தேதியிலிருந்து பணம் கணக்காகியிருக்கும். இப்போது பொதுவாகத் துணை மனு போய்ச் சேரும் நாளிலிருந்துதான். அதனால் எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். உருப்படியான ஒரு புதுச் சான்று கிடைத்ததும் போடுங்கள். தீர்ப்பு வரும்வரை மற்றதைப் பின்னாலேயே அனுப்பலாம்.

பலர் செய்யும் தவறு, பழைய காகிதங்களையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, மேலே ஒரு கோபக் கடிதம் வைத்து அனுப்புவது. அது புதுச் சான்று ஆகாது. வி.ஏ. மனு ஒரு முக்காலி. இப்போது உடம்பில் குறை இருக்க வேண்டும், பணியில் இருந்தபோது ஏதோ நடந்திருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கட்டும் மருத்துவக் கருத்து வேண்டும். எந்தக் கால் உடைந்தது என்பதைக் கடிதமே சொல்லிவிடும். இன்னொன்று: கடிதத்தில் உங்களுக்குச் சாதகமான முடிவுகள் என்று ஒரு பகுதி இருக்கும், பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. பி.டி.எஸ்.டி. இருக்கிறது என்று அங்கே எழுதியிருந்தால், அது அப்பட்டமான தவறு என்று காட்டினாலொழிய அடுத்து வரும் அதிகாரி அதை மாற்ற முடியாது. அந்தக் காலுக்கு நீங்கள் மறுபடி ஆணி அடிக்க வேண்டியதில்லை.

பி.டி.எஸ்.டி.யில் உங்கள் கணவருக்கு உடைந்தது நடுக்கால், அதாவது சம்பவம். அவர் நேரடிச் சண்டையில் இல்லை, மெக்கானிக்தான் என்பதால் தயங்க வேண்டாம். 2010 ஜூலையில் விதி மாறியது. எதிரித் தாக்குதல் குறித்த அச்சமே காரணம் என்றால், அவருடைய வாக்குமூலம் அவர் பணிசெய்த இடத்துக்கும் சூழலுக்கும் பொருந்தினாலே போதும். காந்தகாரில் இருந்ததை டி.டி.214 (ராணுவத்திலிருந்து விலகும்போது தரும் பணிச் சான்று) காட்டுமா என்று பாருங்கள். ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது: அந்தச் சம்பவம் போதுமானது, நோய் அதனால்தான் என்று சொல்ல வேண்டியவர் வி.ஏ.வின் மனநல மருத்துவரோ உளவியலாளரோ, அல்லது வி.ஏ. ஒப்பந்தம் செய்தவரோ ஆக இருக்க வேண்டும். சொந்தச் செலவில் வாங்கிய தனியார் கடிதம் இந்த வழியில் தனியாக நிற்காது. சம்பவத்தை விவரிக்கும் 21-0781 படிவத்தில் 'அடிக்கடி ராக்கெட் வந்தது' என்று எழுதாமல், எந்த மாதம், எந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில், கூட யார், சைரன் அடித்ததும் எங்கே படுத்தார் என்று எழுதட்டும். கூட இருந்த ஒருவர் தன் கையெழுத்தில் அதையே சொன்னால் இன்னும் நல்லது.

முதுகு விஷயம் எனக்குக் கொஞ்சம் எரிச்சலைத் தருகிறது. 2018-இலேயே ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சாண்டர்ஸ் வழக்கில், நோயின் பெயர் எதுவும் கண்டறியப்படாவிட்டாலும், வலி செயல்பாட்டைக் குறைத்தால் அது குறைபாடுதான் என்று சொல்லிவிட்டது. எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்கிறது என்பது மட்டும் பதில் ஆகாது. ஆகவே மருத்துவரிடம் 'வலி இருக்கிறது' என்று மட்டும் வாங்கி வராதீர்கள். எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எவ்வளவு எடை தூக்க முடிகிறது, வலி முற்றும் நாளில் எவ்வளவு குனிய முடிகிறது என்று அவர் எழுத வேண்டும். முகாம் மருத்துவச் சீட்டை அவர் பார்த்ததாகவும், இன்றைய நிலை அதனோடு தொடர்புடையதாக இருக்கக் குறைந்தது ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு உண்டு என்றும், ஏன் என்றும் எழுத வேண்டும். 'இருக்கலாம்' என்று முடிக்கும் கடிதத்தை வி.ஏ. ஊகம் என்று தள்ளிவிடும். மருத்துவர்கள் எச்சரிக்கையாக எழுதிப் பழகியவர்கள். இந்த ஐம்பது சதவீதக் கணக்கை முதலிலேயே விளக்கிச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் சாட்சியம். 21-10210 படிவத்தில் நீங்களே எழுதலாம், அதுவும் சான்றுதான். 'அவர் முன்பு போல் இல்லை' என்பதில் யாருக்கும் எதுவும் புரியாது. குக்கர் விசில் அடித்தால் தூக்கத்திலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டி நிற்கிறார், பட்டாசு வெடிக்கும் ஜூலை 4 இரவு காருக்குள் உட்கார்ந்திருக்கிறார், மாதத்தில் பத்து நாள் கட்டிலை விட்டுத் தரையில் படுக்கிறார் என்பது போல, நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

பரிசோதனைக்குக் கூப்பிட்டால் போயே ஆக வேண்டும்; தக்க காரணமின்றித் தவறினால் துணை மனு அதோடு தள்ளுபடியாகும். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், எப்படி இருக்கிறீர்கள் என்றால் 'பரவாயில்லை' என்பார்கள். மருத்துவர் அதையே குறித்துக்கொள்வார். மோசமான நாள் எப்படி இருக்கும், மாதத்தில் எத்தனை முறை என்று உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். சென்ற முறை பரிசோதித்தவர் என்ன எழுதினார் என்று தெரிய, 20-10206 படிவத்தில் முழுக் கோப்பின் நகலைக் கேளுங்கள்.

உதவிக்கு டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளில் வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இருக்கிறார்கள், கட்டணமில்லை. உங்கள் கவுண்டியிலும் இதற்கென்று ஓர் அதிகாரி இருப்பார். வழக்கறிஞர் வைத்தால் பாக்கித் தொகையில் 20 சதவீதம்வரை நியாயமான கட்டணம் என்பது வழக்கம். வி.ஏ. அங்கீகாரம் இல்லாமல் 'இத்தனை சதவீதம் வாங்கித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்கும் கம்பெனிகள் பக்கமே போகாதீர்கள்.

சிகிச்சைக்கு இந்த மனு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்கு, வி.ஏ. நடத்தும் வெட் சென்டர் என்ற ஆலோசனை மையங்களில் ஆலோசனை இலவசம், மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்றில்லை. இரவில் மனம் மிகவும் குலைந்தால் நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். அந்த எண் உங்கள் ஃபோனிலும் இருக்கட்டும்.