கணினிக் கேள்வி-பதில்: தனியாகவா, குழுவோடா?

கேள்வி: நிலாவெளிப் பக்கம் நான்கு ஹோட்டல்களுக்கு அறைப் பதிவு மென்பொருளைத் தனியாளாக எழுதிக் கொடுத்துப் பராமரிக்கிறேன். கொழும்பு நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தபடியே தங்கள் குழுவில் வேலை செய்யச் சொல்கிறது. போகலாமா?
(வாசகர், உப்புவெளி)

பதில்: போகலாம். ஆனால் வேலை வேகமாக நடக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். 3 பேர் இருந்தால் பேசிக்கொள்ள வேண்டிய சோடிகள் 3. 5 பேர் என்றால் 10. 10 பேர் என்றால் 45. அவ்வளவு நேரத்தையும் கொடுத்து நீங்கள் வாங்குவது நீங்கள் எழுதும் நிரலை (கோட்) வாசிக்கும் இன்னொரு சோடிக் கண்களை.

உங்கள் மென்பொருளையே பாருங்கள். அறை காலியா என்று தரவுத்தளத்திடம் ஒரு வினவலில் (கேட்கும் கட்டளை) பார்த்துவிட்டு, அடுத்த வினவலில் பதிகிறீர்களா? தனியாளாக எத்தனை தரம் சோதித்தாலும் அதில் பிழை தெரியாது. ஓகஸ்ட் சீசனில் வரவேற்பு மேசையில் ஒருவரும் இணையத்தில் ஒருவரும் ஒரே நேரத்தில் அழுத்தும்போதுதான் தெரியும்: இருவருக்கும் ‘காலி’ என்று பதில் போய், ஒரே அறை இரண்டு குடும்பங்களுக்குப் பதிவாகிவிடும். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு ஒரு வரி என்று அட்டவணையை அமைத்து, அறை எண்ணும் திகதியும் சேர்ந்து இரண்டாம் தரம் வராதபடி தரவுத்தளத்திலேயே யுனிக் கட்டுப்பாடு போடுங்கள். பல இரவுப் பதிவை, முழுதாகப் பதியும் இல்லையேல் ஒன்றுமே பதியாது என்கிற ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள். இல்லாவிட்டால் 3 இரவு கேட்டவருக்கு 2 மட்டும் பதிவாகி நிற்கும். பதிவு ரத்தானால் அந்த வரிகளை நீக்கவும் மறக்க வேண்டாம். அனுபவமுள்ள ஒருவர் இதை ஒரே வாசிப்பில் பிடித்துவிடுவார். சம்பளத்தைவிட இதற்காகவே சேரலாம் என்பது எங்கள் கருத்து.

கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை வாசியுங்கள். வெளிவேலை கூடாது என்றோ, நீங்கள் எழுதுவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்றோ அதில் இருக்கலாம். ஹோட்டல்களை இன்னொருவரிடம் கொடுப்பதானால் மாரி காலத்தில், அறைகள் வெறுமையாகக் கிடக்கும்போது கொடுங்கள். டொமைனும் சேர்வர் கணக்கும் ஹோட்டல்காரர் பெயரில் இருக்கட்டும். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்த பிறகே அதை நம்பலாம்.

கேள்வி: ஐந்து பேர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் என் மாற்றத்தை மற்றவர்களுடையதோடு சேர்க்கும்போதெல்லாம் (மேர்ஜ்) மோதல். மற்றவர்கள் அதை வாசித்துப் பார்க்கும் ரிவியூவும் நாட்கணக்கில் இழுபடுகிறது.
(வாசகி, கிண்ணியா)

பதில்: உங்கள் வேலைக்கான தனிக் கிளையை (பிராஞ்ச்) நீண்ட நாள் வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு காலையும் குழுவின் பொதுக் கிளையான மெயின் பிராஞ்சின் மாற்றங்களை உங்களுடையதில் சேருங்கள். ஓரிரு நாளில் முடிகிற அளவுக்கு வேலையைப் பிரியுங்கள். 400 வரிக்கு மேல் மாற்றம் அனுப்பினால் யாரும் ஒழுங்காக வாசிக்க மாட்டார்கள். ‘நல்லது’ என்று தட்டிவிடுவார்கள், அல்லது தள்ளிப் போடுவார்கள்.

ஒரு சொல்லைத்தான் மாற்றினீர்கள், ஆனால் முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டுகிறதா? எடிட்டர் தானாகவே இடைவெளிகளைச் சீராக்கியிருக்கும், அல்லது விண்டோஸிலும் லினக்ஸிலும் வரிமுடிவைக் குறிக்கும் எழுத்து வேறுபடுவதாக இருக்கும். ஃபார்மாட்டிங்கைத் தனி கமிட்டாக (தனிப் பதிவாக) போடுங்கள். வரிமுடிவை .gitattributes என்ற கிட் அமைப்புக் கோப்பில் குழு முழுவதற்கும் ஒன்றாக்குங்கள்.

கேள்வி: லண்டன் குழுவின் காலை 9 மணிக் கூட்டம் நமக்கு எத்தனை மணி?
(வாசகர், மூதூர்)

பதில்: அங்கு கோடை நேரம் நடக்கும்போது பகல் 1.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை 2.30. நாட்காட்டியில் லண்டன் நேரமாகவே பதிந்துவிட்டால், மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.