கடற்கரை வழியாகத் திரும்பலாம் என்கிறாரா? வேண்டவே வேண்டாம்

கேள்வி: லண்டன் பக்கம் க்ராய்டனில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், நவம்பர் முதல் வாரம் வரை இருப்பார்கள். அப்பாவுக்கு 68 வயது, தினமும் நடப்பவர். அம்மாவுக்கு 64, முழங்கால் வலி உண்டு. தெற்குக் கடற்கரையில் இருக்கும் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளைக் காட்ட ஆசை. எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் தலைக்கு 75 பவுண்டு வாங்கிக்கொண்டு வேனில் கூட்டிப்போகிறார். “மேலே புல்மேட்டில் போய், கீழே கடற்கரையில் திரும்புகிற வட்டப் பாதை, திரும்பும்போது ஏற்றமே இல்லை” என்கிறார். அம்மாவுக்கு இது ஒத்துவருமா?

பதில்: ஒத்துவராது. அம்மாவை விடுங்கள், நன்றாக ஓடக்கூடிய இருபது வயதுப் பையனுக்கே அது ஒத்துவராத பாதை.

பாறை வரிசையின் கிழக்கு முனையில், பர்லிங் கேப் என்ற இடத்தில் கடற்கரைக்கு இறங்க இரும்புப் படிக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து மேற்கே கக்மியர் ஆறு கடலில் சேரும் இடம் வரை ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். இடையில் மேலே ஏறிவர ஒரு வழிகூடக் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறை. அந்தக் கரையில் கடல் மட்டம் ஒரே நாளில் ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும். ஏறும்போது தண்ணீர் பாறையின் அடியைத் தொட்டுவிடும், நிற்க இடம் இருக்காது. கீழே மணலும் இல்லை, உருண்டை உருண்டையான கல்தான். மேலே ஒரு மணி நேரத்தில் கடக்கிற தூரத்துக்குக் கீழே இரண்டு மணி நேரம் ஆகும். போதாததற்கு மேலிருந்து பாறை சரியும். மழை ஓய்ந்து நாலு நாள் கழித்து, நல்ல வெயிலிலும் சரிந்திருக்கிறது.

அப்படியானால் கடலில் காலே நனைக்க முடியாதா என்று அம்மா கேட்பார். நனைக்கலாம். பர்லிங் கேப் படிக்கட்டு திறந்திருந்தால் இறங்கலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு. அன்றைய கடல் ஏற்ற நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். உச்ச ஏற்றம் கழிந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். படிக்கட்டு எப்போதும் கண்ணில் படுகிற தூரத்தில்தான் நிற்க வேண்டும். பாறைக்கு முதுகைக் கொடுத்து உட்காரக் கூடாது. எல்லோரும் போய் உட்கார்வது அங்கேதான், கல் விழுவதும் அங்கேதான். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு மேலே வந்துவிட வேண்டும். புயலுக்குப் பிறகு சில சமயம் படிக்கட்டையே பூட்டி வைத்திருப்பார்கள், அப்போது தாண்டிக் குதிக்கும் வேலை வேண்டாம். அம்மாவின் முழங்காலுக்கு அத்தனை படி ஏறி இறங்குவது தேவையா என்பதையும் யோசியுங்கள். அப்பா மட்டும் இறங்கிவிட்டு வரட்டும்.

இனி உங்கள் வேன்காரர். நேரில் தெரியாது, ஆனால் இந்த வகை ஆட்களை நன்றாகத் தெரியும். விளம்பரத்தில் என்ன படம் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். முன்னால் சின்ன வெள்ளை வீடுகள், பின்னால் வரிசையாக ஏழு பாறைகள் இருந்தால் அது கக்மியர் ஆற்றின் மேற்குக் கரையில், சீஃபோர்ட் பக்கம் நின்று எடுத்தது. நீங்கள் நடக்கப்போவது ஆற்றுக்குக் கிழக்கே. முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. எக்ஸீட் பாலம் வரை உள்ளே போய், ஆற்றைக் கடந்து, மறுகரையில் அதே தூரம் திரும்ப வர வேண்டும். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரமாகத் தெரியும், காலுக்குத் தெரியும் சங்கதி. “ஆற்றில் இறங்கிக் கடந்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் அந்தக் கூட்டத்தை விட்டே விலகிவிடுங்கள். சிலர் இதையே டோவர் பாறை என்றும் விற்கிறார்கள். டோவர் கென்ட்டில் இருக்கிறது, இது கிழக்கு சசெக்ஸ். டோவருக்குப் பதிலாக இங்கே படப்பிடிப்பு நடத்துவது சினிமாக்காரர்கள் வழக்கம், அது அவர்கள் பாடு. நுழைவுக் கட்டணம் என்று பணம் கேட்டால் அது சுத்தப் பொய். இந்த மேட்டில் நடக்கக் காசே கிடையாது, வண்டி நிறுத்தத்தான் காசு. அந்த நிறுத்துமிடத்திலும் கவனம் தேவை. கட்டணப் பலகையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து பணம் கட்டாதீர்கள். அதன்மேல் போலி ஸ்டிக்கர் ஒட்டி அட்டை விவரம் திருடுவது இங்கிலாந்து முழுக்க நடக்கிறது.

இந்த வகை ஆட்கள் செய்யும் இன்னொரு காரியம்: ஆட்களை விளிம்பில் வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பது. மேலே நிற்பவருக்குப் புல்தரை உறுதியாகத்தான் தெரியும். அடியில் கடல் குடைந்துவைத்திருப்பது தெரியாது. விளிம்பிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். வேலி எங்கே என்று அப்பா கேட்பார். பாறை ஆண்டுதோறும் பின்வாங்குகிற கரையில் எங்கே வேலி போட்டாலும் அதுவும் ஒருநாள் கீழே போகும். அதனால் எச்சரிக்கைப் பலகையோடு சரி.

அப்புறம், உங்களுக்கு வேன் எதற்கு? கிழக்கு க்ராய்டனில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஈஸ்ட்போர்ன். மூன்று பேர் சேர்ந்து போவதால், நெரிசல் இல்லாத நேரத்து டிக்கெட்டில் குரூப்சேவ் சலுகை கேளுங்கள், மூன்றில் ஒரு பங்கு குறையும். ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கினால் முன்பதிவுக் கட்டணமும் மிச்சம். ஈஸ்ட்போர்னிலிருந்து பிரைட்டன் போகும், 12இல் தொடங்கும் எண்ணுள்ள பஸ்ஸில் ஏறுங்கள்.

முக்கியமான விஷயம்: எல்லோரும் ஈஸ்ட் டீன் ஊரில் இறங்குவார்கள், நீங்கள் இறங்காதீர்கள். அங்கிருந்து வட்டமாக நடப்பவர்கள் முதலில் செங்குத்தான புல்சரிவில் ஏற வேண்டும். நீங்கள் அந்த ஏற்றத்தை பஸ்ஸிலேயே முடித்துக்கொண்டு, மேலே ஃபிரிஸ்டன் குளத்தருகே இறங்குங்கள். வட்டம் கொஞ்சம் அறுபட்டுப் போகும், போகட்டும்.

குளத்தையொட்டியே பழைய தேவாலயம். அதன் கேட்டைப் பாருங்கள், நடுவில் அச்சு வைத்துச் சுழல்கிற டாப்ஸல் கேட், சசெக்ஸைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது. கையால் ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் நம் மேல் வரும், அம்மாவை முதலில் விடுங்கள். அங்கிருந்து தார்ச்சாலையில் மெல்ல இறங்கினால் க்ரௌலிங்க். நாலைந்து வீடுகள்தான். ஒரு காலத்தில் கடத்தல் சாராயம் கரையேறிய பள்ளம் அது. ‘அசல் க்ரௌலிங்க்’ என்று சொல்லியே லண்டனில் ஜின் விற்றார்களாம். பள்ளத்தின் முடிவில் கடல். இடது கைப் பக்கம் திரும்பி, பாறை மேட்டில் கிழக்கே நடங்கள். 77 மீட்டர் உயரமான ஹேவன் ப்ரோ உள்ளிட்ட கடினமான மேடுகள் முதுகுக்குப் பின்னால் தங்கிவிடும். எதிரே கடைசிச் சில மேடுகள்தான். அப்பா பின்னால் உள்ளதையும் சேர்த்து எண்ணிப்பார்ப்பார், பெயருக்கு ஏழு, மேடு எட்டு வரும். ஃப்ளாட் ஹில் என்ற மேட்டை மட்டும் சகோதரிகள் குடும்பத்தில் சேர்க்கவில்லை.

ஏறுவதைவிட இறங்குவதுதான் அம்மாவுக்குச் சிரமம். கைத்தடி இரண்டு வாங்கிக்கொடுங்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நனைந்த சுண்ணாம்புப் பாதை சோப்பு நுரை கொட்டிய குளியலறைத் தரை மாதிரி.

பர்லிங் கேப்பில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் டீக்கடையும் கழிப்பறையும் உண்டு. அங்கே வரிசையாக இருந்த வீடுகள் கடலுக்குப் பயந்து ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன, 2014இல்கூட ஒன்றை இடித்தார்கள். அம்மா டீயோடு உட்காரட்டும். அப்பாவுக்குத் தெம்பிருந்தால் கிழக்கே தெரியும் பெல் டூட் கலங்கரை விளக்கம் வரை போய்வரட்டும். 1832இல் கட்டியது. மேலே மூடுபனி வந்தால் வெளிச்சமே தெரியாத இடத்தில் கட்டிவிட்டு, 1902இல் பீச்சி ஹெட் பாறைக்குக் கீழே கடலுக்குள் வேறொன்றைக் கட்டி இதை ஓய்வில் அனுப்பினார்கள். 1999இல் விளிம்பு நெருங்கிவிட, கட்டடத்தை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கி 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். பிறகு மூவரும் பள்ளத்தாக்கு வழியாக ஈஸ்ட் டீன் வந்து பஸ் பிடிக்கலாம். மொத்தம் ஆறேழு கிலோமீட்டர், நிதானமாக நாலு மணி நேரம்.

ஒரே கரைக்கு நேஷனல் டிரஸ்ட், தேசியப் பூங்கா, உள்ளூர் கவுன்சில் என்று ஆளுக்கொரு துண்டு. வண்டி நிறுத்த இடத்துக்கு இடம் வேறு விதி. இத்தனை பேர் கூடும் பர்லிங் கேப்புக்கு ஆண்டு முழுக்க ஒழுங்கான பஸ் விட மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. வேன்காரர்கள் பிழைப்பதே இதனால்தான். ரயில்காரர்களோ தண்டவாள வேலைக்கென்று ஞாயிற்றுக்கிழமையைத்தான் பிடிப்பார்கள், பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். அதனால் சனிக்கிழமையோ வேலை நாளோ பாருங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முன்பே போய்விடுங்கள். அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும், அதன்பின் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.