ஃபெல்லோஷிப் யார் பெயரில் வருகிறது? ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மகளின் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முதலாண்டு படிக்கிறார், பிஎச்.டி. செய்தே ஆக வேண்டும் என்கிறார், சொந்தபந்தம் எல்லாம் "இன்னும் எத்தனை வருஷம் படிக்க வைக்கப் போறீங்க" என்று கேட்கிறது என எழுதியிருந்தீர்கள். ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரும், அதற்காக நிலத்தை விற்க வேண்டியிருக்குமா, முடித்த பிறகு கிராண்ட், அதாவது ஆய்வு நிதி, கிடைக்காவிட்டால் என்ன ஆவது, வெளிநாட்டுக்குப் போனால் திரும்பி வர முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

நிலத்தை விற்க வேண்டாம். அறிவியலில் முழுநேர பிஎச்.டி. என்பது மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு செய்கிற ஆராய்ச்சி வேலை. வீட்டுக் காசில் ஐந்தாறு வருடம் ஆய்வகத்துக்குப் போய்வரலாம் என்று யார் யோசனை சொன்னாலும் ஏற்காதீர்கள். ஆனால் ஒன்றை மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொண்டே இருங்கள்: அந்தப் பணம் யார் பெயரில் வருகிறது? மகள் பெயரிலா, ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான கைடு பெயரிலா? நான் பார்த்தவரை, இந்தத் துறையில் ஒரு பிள்ளை நிமிர்ந்து நடப்பதும் பாதியில் திணறுவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

மகள் பெயரில் வரக்கூடிய முதல் பணம் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆராய்ச்சி ஃெல்லோஷிப் என்ற மாத உதவித்தொகை. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் லைஃப் சயின்சஸ் தாளை எழுதி அந்தத் தகுதியைப் பெற வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய் தருகிறார்கள். இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஃபெல்லோஷிப், ஆகும்போது 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து வருடம்வரை. மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையான டிபிடியின் ஜேஆர்எஃபுக்கு பெட் என்ற தேர்வு தனியாக இருக்கிறது. எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பிடித்தால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

இங்கே பலர் ஏமாந்து போகும் ஒரு விஷயம் உண்டு. நெட் பாஸ் என்றாலே ஃபெல்லோஷிப் வந்துவிட்டது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். தேர்வு ஒன்றுதான் என்றாலும் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃபுடன் உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியுடன் பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். முதல் வகைக்குத்தான் மாதப் பணம். மற்ற இரண்டிலும் வாசல் திறக்கும், பை நிறையாது. ஜேஆர்எஃப் கடிதம் வந்த பிறகும் அதில் போட்டிருக்கும் காலக்கெடுவுக்குள் எங்காவது பதிவு செய்து சேர்ந்துவிட வேண்டும். அதையும் தேதி குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேர்வைப் பற்றி உங்கள் மகளுக்கு ஒரு வார்த்தை. 200 மதிப்பெண்ணில் 100 பகுதி சி-யில் இருக்கிறது. அங்கே 75 கேள்விகள் கொடுத்து 25-க்குப் பதில் எழுதச் சொல்வார்கள், ஒவ்வொன்றும் 4 மதிப்பெண், தவறான பதிலுக்குக் கால் பங்கு போய்விடும். பாடத்திட்டம் முழுவதையும் மேலோட்டமாகப் படிப்பவர்களை இந்தப் பகுதி கீழே தள்ளிவிடுகிறது. நாலைந்து அலகுகளை ஆழமாக, ஒரு பரிசோதனையின் முடிவைப் பார்த்ததும் காரணம் சொல்லும் அளவுக்குப் படித்தவர்கள்தான் மேலே வருகிறார்கள். அந்தப் பழக்கம் பின்னால் கிராண்டுக்கு எழுதும்போதும் கைகொடுக்கும்.

சரி, ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை என்றால்? அப்போதுதான் ‘ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப்’ வரும். ஒரு பேராசிரியர் அரசிடம் வாங்கிய ஆய்வுத் திட்டத்தில் ஆள் எடுப்பார். மாதப் பணம் அந்தத் திட்டத்திலிருந்து வரும். இதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன், நல்ல ஆய்வகத்தில் இப்படிச் சேர்ந்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் நிறைய. சிக்கல் கணக்கில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட திட்டம் பெரும்பாலும் மூன்று வருடம். பிஎச்.டி.க்கு ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகிறது. மூன்றாவது வருடம் திட்டம் முடியும், பிள்ளைக்கோ அப்போதுதான் சோதனைகள் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியிருக்கும். அந்த இடைவெளியில் சம்பளமில்லாமல் ஆய்வகத்துக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே சேரும் முன்பே கைடிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும்: இந்தத் திட்டம் எந்த மாதம் முடிகிறது, இந்த வேலையை வைத்து பிஎச்.டி. பதிவு செய்யலாமா, திட்டம் முடிந்தால் அடுத்த ஏற்பாடு என்ன, இதற்கு முன் இருந்த மாணவர்கள் கடைசி இரண்டு வருடத்தை எப்படி ஓட்டினார்கள். நல்ல கைடுக்கு இந்தக் கேள்விகள் கோபத்தைத் தராது. கடைசிக் கேள்வியை ஆய்வகத்தின் மூத்த மாணவர்களிடம் கேட்பது இன்னும் நல்லது. ப்ராஜெக்டில் சேர்ந்தாலும் நெட் எழுதுவதை நிறுத்தக் கூடாது. இரண்டு வருட ஆய்வும் ஒரு கட்டுரையும் கையில் இருந்தால் சிஎஸ்ஐஆர், மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐசிஎம்ஆர் போன்ற மத்திய அரசு அமைப்புகளில் நேரடி எஸ்ஆர்எஃபுக்கு முயற்சி செய்யலாம். அது மகள் பெயரிலேயே வரும் பணம்.

முதலாண்டில் இருப்பதால் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் தருகின்றன. சிறு தொகைதான். ஆனால் இரண்டு மாதம் ஒரு நல்ல விஞ்ஞானியின் ஆய்வகத்தில் நின்று பார்த்தால், இது தனக்குப் பிடித்த வாழ்க்கைதானா என்று அவருக்கே தெரிந்துவிடும். எந்த ஆலோசகரும் சொல்லித் தர முடியாத விஷயம் அது.

அப்புறம், நீங்கள் மிகவும் பயப்படும் இடம்: பிஎச்.டி.க்குப் பிறகு. இங்கே பணம் இருக்கிறது, கூடவே வயது வரம்பும் இருக்கிறது. அதை இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள். 23 வயதில் எம்.எஸ்சி. முடித்து, ஒரு வருடம் தேர்வுக்குப் போய், ஐந்தரை வருடம் பிஎச்.டி. என்றால் 29, 30 ஆகிவிடும். பிஎச்.டி. முடித்தவர்கள் ஆய்வைத் தொடர்வதற்கான தேசிய போஸ்ட்டாக்டோரல் ஃபெல்லோஷிப்புக்கு வயது வரம்பு 35. இரண்டு வருடத்துக்கு மாத ஊதியமும், சோதனைச் செலவுக்குத் தனித் தொகையும் உண்டு. இன்ஸ்பயர் ஃபேகல்டி என்ற ஃபெல்லோஷிப்புக்கு 32. அதில் ஐந்து வருடம், மாதம் 1,25,000 ரூபாய், ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வுச் செலவுக்கு. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் பல திட்டங்களில் ஐந்து ஆண்டுவரை தளர்வு கிடைக்கிறது. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இன்ஸ்பயர் ஃபேகல்டி பெரிய கௌரவம்தான், ஆனால் நிரந்தர வேலை கிடையாது. ஐந்து வருடத்துக்குள் எங்காவது பணியிடம் பிடித்தாக வேண்டும். இதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

வயது வரம்பே இல்லாத ஃபெல்லோஷிப் ஒன்றும் இருக்கிறது. டிபிடியும் பிரிட்டனின் அறக்கட்டளையான வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008-09-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், ஹைதராபாத்திலிருந்து இயங்குகிறது. 2025 அக்டோபரில் இதன் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது: 1,500 கோடி ரூபாய், அதில் 1,000 கோடி டிபிடியுடையது, 500 கோடி வெல்கமுடையது. உயிர் மருத்துவ ஆராய்ச்சியில் இளம் விஞ்ஞானிக்கு இந்தியாவில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஃபெல்லோஷிப் இதுதான் என்பது என் எண்ணம். தேர்வு கடுமையாக இருக்கும். நேர்காணலில் கைடின் பெயர் உதவாது, ‘இந்தக் கேள்வி உன்னுடையதா’ என்றுதான் துருவுவார்கள்.

நிரந்தர வேலை கிடைத்த பிறகு சொந்த ஆய்வகம் தொடங்க வேறு வகைப் பணம் வேண்டும். முன்பு செர்ப் என்ற வாரியம் இதைப் பார்த்துக்கொண்டது. 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் இப்போது அது சேர்ந்துவிட்டது. அங்கே பிரதமர் பெயரிலான தொடக்கநிலை ஆராய்ச்சி கிராண்ட் மூன்று வருடத்துக்கு 60 லட்சம்வரை கொடுக்கிறது, வயது வரம்பு 42. செர்ப் காலத்து ஸ்டார்ட்அப் கிராண்ட் இரண்டு வருடத்துக்கு 30 லட்சமாக இருந்தது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் ஆன்டிபாடி, என்சைம் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒரு சிறு குப்பியே பல ஆயிரம் ரூபாய் ஆகும். இந்தப் பணத்தில் ஒரு ஆய்வகத்தை நடத்துபவர்களின் கெட்டிக்காரத்தனம் எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

இதையெல்லாம் வாங்கித் தருவது விண்ணப்பம், அதாவது ப்ரொப்போசல். இதைத்தான் நம் கல்லூரிகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. எம்.எஸ்சி. மாணவர்களின் ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பாருங்கள்: ஏதோ ஒரு மூலிகைச் சாறு, அதன் கிருமி எதிர்ப்புத் திறன். சாற்றை ஊற்றி, பாக்டீரியா சாகிறதா என்று பார்ப்பது. இப்படி நிறையப் பேர் செய்துவிட்டார்கள். கிராண்ட் கொடுக்கும் குழு அடுத்த கேள்வியைத் தேடுகிறது: அந்தச் சாற்றில் எந்த மூலக்கூறு வேலை செய்கிறது, பாக்டீரியாவின் எந்தப் புரதத்தைத் தாக்குகிறது, அதை எதிர்த்துத் தப்பும் பாக்டீரியாவில் எந்த மரபணு மாறியிருக்கிறது? கூடவே, முதல் சோதனை தோற்றால் என்ன செய்வாய் என்பதற்குப் பதிலும் இருக்க வேண்டும். மாற்று வழி எழுதாத விண்ணப்பம் முதல் வாசிப்பிலேயே பலவீனமாகத் தெரியும். எலிகளில் செய்வதென்றால் விலங்கு நெறிமுறைக் குழு, மரபணு மாற்றம் என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு, நோயாளிகளின் ரத்தம் என்றால் மனித நெறிமுறைக் குழு, இவற்றின் ஒப்புதலுக்கே மாதக்கணக்கில் ஆகலாம். எம்.எஸ்சி. கடைசி ப்ராஜெக்டையே இந்த முறையில் இரண்டு பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அதைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், உதாரணமாக ஒரு இயற்பியல் ஆசிரியரிடம், கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும். அவருக்குப் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. காசு கட்டினால் இரண்டு வாரத்தில் போட்டுவிடும் ஜர்னல்கள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், தேர்வுக் குழுக்களுக்கு அந்தப் பெயர்கள் நன்றாகத் தெரியும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஃபெல்லோஷிப் பணம் பல நேரங்களில் மாதாமாதம் சரியாக வராது. சில மாதம் நின்றுவிட்டு, சேர்த்து வரும். முதல் தவணை வரவே தாமதமாகலாம். ஐந்தாறு மாதச் சாப்பாடு, விடுதிச் செலவுக்கு ஒரு தொகையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் அளவுக்கு அது போகாது. பிள்ளை வாடகைக்காகக் கடன் கேட்டு அலையாமல் இருந்தால் வேலை ஓடும். "பணம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது தரகு பேசினால் உடனே விலகிவிடுங்கள், எந்த அரசு ஃபெல்லோஷிப்புக்கும் இடைத்தரகர் கிடையாது.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் பின்னால் வரப்போகும் பேச்சு அது. திருமணம், குழந்தை என்று ஆய்வை நிறுத்திய பெண்கள் திரும்பி வருவதற்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ்-கிரண் என்ற திட்டங்களையும், டிபிடி பயோகேர் என்ற திட்டத்தையும் நடத்தி வருகின்றன. ஆனால் நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது கடினம். ஃபெல்லோஷிப் கையிலிருக்கும் ஐந்து வருடத்தின் நடுவில் அவரை நிறுத்தாமல் இருக்க முடிந்தால் அது மிகப் பெரிய உதவி.

வெளிநாட்டுக்குப் போய்விட்டால் திரும்பி வர வழியே இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். வழி இருக்கிறது. வெளிநாட்டில் போஸ்ட்டாக் செய்யும் இந்தியர்கள் திரும்பி வருவதற்கு டிபிடியின் ராமலிங்கஸ்வாமி ஃபெல்லோஷிப் ஐந்து வருடத்துக்குக் கிடைக்கிறது. இந்தியா அலையன்ஸுக்கும் வெளிநாட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்த இரண்டுக்கும் இங்கே ஒரு நிறுவனம் இடம் தர ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் கிளம்பும் முன்பே இங்குள்ள இரண்டு மூன்று ஆய்வகங்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேலூரில் சிஎம்சி, புதுச்சேரியில் ஐசிஎம்ஆரின் பூச்சிவழி நோய் ஆராய்ச்சி மையம் என்று நமக்குப் பக்கத்திலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன.

இப்போதைக்கு நெட் பழைய வினாத்தாள்களும், கோடைக்கால ஃபெல்லோஷிப் விண்ணப்பமும். நேரம் கிடைக்கும்போது மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவருக்கு எந்தக் கேள்வியில் ஆர்வம் என்று தெரிந்தால், எந்த ஆய்வகங்களைப் பார்க்கலாம் என்று பேசலாம்.