வாசகர் கேள்வி – பதில்: ஈர நெல்லுக்கு எவ்வளவு கழிவு?

கேள்வி: பர்மாவில் பெகு பக்கம் 8 ஏக்கரில் மழைக்கால நெல் பயிரிடுகிறேன். இயந்திரம் அறுத்துக் கொட்டிய அன்றே வியாபாரி களத்துக்கு வந்து, ஈரக்கழிவு என்று 100 கூடைக்கு 15 கூடையைத் தள்ளிவிட்டுத்தான் பணம் தருகிறார். இது முறைதானா?

பதில்: கழிவு கேட்பது முறைதான், அளந்து பார்க்காமல் கேட்பது முறையல்ல. அறுத்த கையோடு வரும் நெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் இருக்கும். கெடாமல் சேமிக்க வேண்டுமானால் அது 14 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல் அந்தப் பதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 91 கிலோ நிற்கும். அதாவது, 46 ராத்தல் (பவுண்டு) கொண்ட கூடைக்கு நான்கேகால் ராத்தல்தான் நியாயமான கழிவு. உங்களிடம் கழிப்பதோ ஏழு ராத்தல். அவ்வளவு கழிக்க நெல்லில் 27 விழுக்காடு ஈரம் இருந்தாக வேண்டும். பதருக்கும் உலர்த்தும் கூலிக்கும் அவர் ஏதேனும் பிடிப்பதானால், அதைத் தனியாகச் சொல்லிப் பிடிக்கட்டும். ஈரம் அளக்கும் கருவி ஒன்றை ஊரார் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, எடை போடும்போதே இருவர் முன்னிலையில் அளந்து எழுதி வையுங்கள்.

ஆனால் அன்றே விற்றாக வேண்டிய நெருக்கடிக்கு வேர் ஈரமன்று, கடன். இந்த மண்ணில் அது எவ்வளவு கொடியது என்பதை நம்மவர்கள் மறக்கலாகாது: 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன் மட்டும் குறையாமல் நின்றது, கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த, கடன் கொடுத்த செட்டியார்களின் நிலவுடைமை 1938-இல் 25 விழுக்காடாயிற்று. நிலத்தை இழந்தவர்கள் உங்களைப் போன்ற உழவர்களே. ஆகையால், 2012-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி பெற்ற, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்றான ஏழாம் எண் படிவத்தை எந்தத் தனியாரிடமும் ஈடாகக் கொடுத்துவிடாதீர்கள். அச்சட்டம் அடமானத்துக்கு இடமளிப்பது அரசு வங்கியிடமும் அனுமதி பெற்ற வங்கியிடமும் மட்டுமே. கடனுக்கு வேண்டிய அளவு நெல்லை மட்டும் விற்று, மிச்சத்தைப் பொதுக்களத்தில் காயவைத்து இருப்பு வைத்தால், வரத்து குறைந்தபின் பேரம் பேச இடமுண்டு.

கேள்வி: ரங்கூனில் அரிசி வாங்கி உண்ணும் எங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: தனி ஒரு வீட்டால் அதிகம் முடியாது, கோயில் அன்னதானக் குழுவால் முடியும். ஆண்டுத் திருவிழாவுக்கு வேண்டிய அரிசியை உழவர் குழு ஒன்றிடம் முன்கூட்டியே பேசி, நடவுக்கு முன்பே ஒரு பகுதிப் பணத்தை வட்டியின்றிக் கொடுத்துவிட்டால், அந்தக் குழுவினர் அவ்வளவுக்கு வட்டிக் கடன் வாங்க வேண்டியிராது. விலையை அன்றே முடிவாக்கி விடாமல், அறுவடைக்குப் பின் காய்ந்த நெல்லின் சந்தை விலைக்குக் குறையாமல் தருவதாக எழுதிக் கொடுங்கள்.