பாதிக் காவடி வரைந்தால் போதும். எழுத்தைக் கடைசியில் வையுங்கள்

மொரீஷியஸ் காத்ர் போர்னிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வரும் தைப்பூசத்துக்காகக் காவடி ஒன்றை ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் வரைகிறேன். வளைவு உருளைக் குழாய், பக்கப் பலகைகளில் மயில், மேலே 'முருகா'. வலப்பாதியை வரைந்து, கண்ணாடிப் பிம்பம் எடுக்கும் மிரர் கட்டளையால் இடப்பாதியை உண்டாக்கினேன். இரண்டு பாதியும் ஒட்டவில்லை, உச்சியில் வளைவு கூராக நிற்கிறது, எழுத்தும் இடவலம் மாறிவிட்டது. பேசாமல் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வரைந்துவிடட்டுமா?"

வேண்டாம். தனித்தனியாக வரைந்தால் பிறகு செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும். ஏதோ ஒன்று விடுபட்டு, தோளில் ஏறும்போதுதான் ஒருபக்கம் சாய்வது தெரியும். ஃப்ரீகேடின் பார்ட் பகுதியிலுள்ள மிரர், மூலப் பாதியோடு தொடர்பு விடாத பிம்பத்தைத் தரும். வலப்பக்கத்தை மாற்றினால் இடப்பக்கமும் தானே மாறும்.

ஒட்டாததற்கும் உச்சி கூரானதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். மிரர் செய்யும் தளத்தை, அதாவது இரு பாதிக்கும் நடுவில் நிற்கும் கண்ணாடியை, வளைவு எந்தக் கோணத்தில் தொடுகிறது என்று பாருங்கள். அது தளத்துக்குச் செங்குத்தாக, அதாவது உச்சியில் கிடைமட்டமாக, வந்து சேர வேண்டும். கொஞ்சம் சாய்ந்து வந்தாலும் பிம்பம் எதிர்ப்பக்கம் சாய்ந்து வரும். நடுவில் முனை எழும்பும். குழாயின் வெட்டுமுகம் எப்போதும் பாதைக்குக் குறுக்காக இருப்பதால் அதுவும் சாய்ந்துவிடும். இரண்டு வெட்டுமுகங்களும் முழுதாகப் பொருந்தாமல் மேற்பக்கம் ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி விழும்.

சரி செய்ய, ஸ்கெட்சுக்குள் (அடிப்படைக் கோட்டுப்படத்துக்குள்) போய் வளைவின் உச்சியிலுள்ள கடைசிப் புள்ளியைச் செங்குத்து அச்சின்மேல் பூட்டுங்கள். கண்ணுக்குத் தொட்டதுபோல் இருந்தால் போதாது, 0.01 மில்லிமீட்டர் விலகினாலும் கணினிக்கு அவை இரண்டு திண்மங்கள்தான். வட்டவில் என்றால் அதன் மையத்தையும் அதே அச்சில் வையுங்கள். ஸ்ப்லைன் (புள்ளிகளால் வளைக்கும் கோடு) என்றால் கடைசி இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். அப்புறம் மிரர், அதற்குப்பின் இரண்டையும் ஒரே திண்மமாக்கும் யூனியன். நடுவில் ஒரு கோடு மட்டும் எஞ்சினால் ரிஃபைன் ஷேப் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், சில வடிவங்களில் மறையும்.

உண்மையில் வெறும் வளைவுக்கு மிரரே தேவையில்லை என்பேன். முழு வளைவையும் ஒரே ஸ்கெட்சில், சமச்சீர்க் கட்டுப்பாட்டோடு வரைந்து குழாயை ஒரே ஓட்டமாக ஓட்டிவிடலாம். மிரரைச் செதுக்கல் வேலை உள்ள உறுப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கு வருவோம். மிரர் என்பது நகல் எடுப்பது அல்ல, இடவலம் மாற்றுவது. வலக்கையை எப்படிச் சுழற்றினாலும் இடக்கை ஆகாது, கண்ணாடியில்தான் ஆகும். அதேபோல் கண்ணாடியில் விழுந்த எழுத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் முன்பக்கத்திலிருந்து நேராகப் படிக்க முடியாது. ஆட்டோகேட் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் மிர்டெக்ஸ்ட் என்ற அமைப்பை 0 என்று வைத்தால் எழுத்து நேராகவே இருக்கும் என்று யாராவது சொல்லலாம். அது எழுத்து எழுத்தாகவே இருக்கும்வரை மட்டும். புடைப்பாக எழுப்பித் திண்மம் ஆக்கியபின் அதுவும் மற்ற வடிவங்களைப் போல ஒரு வடிவம்தான். ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து உள்ள உங்கள் தீவில், முருகன் பெயர் மாறி நின்றால் மனசு கேட்காது. அதனால் வரிசை இதுதான்: முதலில் வடிவம், பிறகு மிரர், பிறகு யூனியன், எல்லாம் முடிந்தபின் எழுத்து. தமிழ் எழுத்துகளை இங்க்ஸ்கேப் என்ற ஓவிய மென்பொருளில் தட்டச்சு செய்து, பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாகக் கொண்டுவருவதே எனக்குப் பிடித்த வழி.

மயில் பலகையில் உங்கள் வேலை பாதியாகும். ஒட்டுப்பலகையில் மயிலை ஊடுருவ வெட்டுவது மட்டும்தான் என்றால் ஒரே வரைபடம் போதும். இரண்டு வெட்டி ஒன்றைப் புரட்டி வைத்தால் அதுவே பிம்பம். இரண்டு மயில்களும் நடுவை நோக்கும். ஆனால் தோகையை ஒரு முகத்தில் மட்டும் செதுக்கினாலோ, திருகுத் தலை உட்காரக் குழி எடுத்தாலோ, புரட்டும்போது அந்த வேலைப்பாடு பின்பக்கம் போய்விடும். அப்போது இடம், வலம் என்று இரண்டு கோப்புகளைத் தனிப்பெயரில் பட்டறைக்கு அனுப்புங்கள். படத்திலும் 'செதுக்கிய முகம்' என்று எழுதிவிடுங்கள்.

பால் செம்பு தொங்கும் கொக்கியையும் கவனியுங்கள். எம்8 (8 மில்லிமீட்டர்) மரையை முப்பரிமாணத்தில் வரைந்து மிரர் செய்திருந்தால், இடப்பக்கம் அது இடமரையாக, எதிர்த்திசையில் சுற்றும் மரையாக, மாறியிருக்கும். முப்பரிமாண அச்சில் எடுத்தபின் கடையில் வாங்கும் போல்ட் ஏறாது. வெறும் துளையாக மிரர் செய்யுங்கள், மரையைப் பிறகு டேப் என்ற மரை வெட்டும் கருவியால் போடலாம்.